செங்காவிச் சுவர்

எங்கள் நகருக்குள் முதன்முறையாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துச் சொக்கிப் போவார்கள். அறுபத்து நான்கு வீடு. அறுபத்து நான்கு காம்பவுண்டுச் சுவரும் கீழே, அப்போதெல்லாம் மூன்றடிக்கு, செங்காவி, அதற்கு மேல் அவரவர் இஷ்டம். பச்சையோ மஞ்சளோ ரோஜா நிறமோ, எது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். ஆனால் கீழே மூன்றடி மட்டும் ஒரே நிறம். "என்னா ஒத்துமையான சனம்!" என்று இடம் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த ஒற்றுமையைக் கொண்டுவந்தவர் எங்கள் நகர்ச் சங்கத்துச் செக்ரட்டரி. ஆற்று வண்டல் சுவரில் பிடித்தால் என்ன நிறத்தில் கறை விழுகிறதோ, அதே நிறம் வேண்டும் என்று பெயிண்ட் கடைக்கு ஒரு மண்ணாங்கட்டியைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. செக்ரட்டரி என்றால் எங்கள் நகரில் அவர் ஒருவர்தான். பழனிசெட்டிபட்டியைத் தாண்டிக் கம்பம் ரோட்டிலிருந்து இறங்கினால், முல்லையாற்றங்கரையில் நெல் விளைந்த இடத்தைப் பிளாட் போட்டு விற்றார்கள். அதில் முதல் வீடு கட்டியவர் அவர். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனாவும் ஒரு சின்ன நோட்டும். எங்கே உட்காரப் போனாலும் கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைப்பார். துடைத்த கைக்குட்டையை நான்காக மடித்து வைத்த பிறகுதான் உட்காருவார். என் வீட்டு நாற்காலியையும் அப்படித்தான் துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நல்லவர் இல்லை என்று சொல்லவும் வாய் வராது, அதுதான் சங்கடம். தெருவிளக்கு அவர் நடையாய் நடந்து வாங்கியது. மினிபஸ் எங்கள் நுழைவு வளைவுக்குள் வந்து திரும்புவதும் அவர் புண்ணியம். அந்தச் சின்ன நோட்டில் நகரில் இருக்கிற அத்தனை பேருடைய ரத்த வகையும் எழுதியிருக்கும். என் வீட்டுக்காரர் அல்லிநகரத்தில் பைக்கோடு விழுந்து மண்டை உடைந்தபோது, நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே இரண்டு பேரைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்.

"அழுகாத தாயி. ஓ பாசிட்டிவ் மூணு பேரு இருக்கோம், என்னையும் சேத்து" என்றார். அறுபத்தாறு வயதுக்காரரிடம் ரத்தம் எடுக்க மாட்டோம் என்று நர்ஸ் சொன்னதற்கு அவர் போட்ட சண்டையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வியாதி. நகருக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது.

ஐப்பசியில் மேற்கு மலையில் நாலு நாள் விடாமல் ஊற்றினால் ஆறு எங்கள் கடைசி இரண்டு தெருவுக்குள் வந்துவிடும். பதினைந்து வருடத்தில் நான்கு முறை வந்திருக்கிறது. மூன்று தடவை முழங்கால் அளவு, ஒரு தடவை அதற்குக் கொஞ்சம் மேல். ஒரு பகல் நின்றுவிட்டு வடிந்துவிடும். வடிந்த மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தென்னந்துடைப்பச் சத்தம் கேட்கும். செக்ரட்டரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கழுவிக்கொண்டிருப்பார். அவர் வீடு கடைசித் தெருவில், எல்லா வீட்டையும் விடப் பள்ளத்தில் இருந்தது. உள்ளே சேறு அப்படியே கிடக்கும். அவருடைய மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். மதினி வாசலில் நின்று சத்தம் போடுவார்.

"வீட்டுக்குள்ள சகதி கெடக்கு. ரோட்டக் கழுவிக்கிட்டு இருக்கீகளே, வெளங்குமா?"

"வீட்டுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்? ரோட்டத்தான் பாப்பான்."

வெள்ளம் என்ற சொல்லையே அவர் முன்னால் யாரும் சொல்லக் கூடாது. 'தண்ணி எட்டிப் பாத்துட்டுப் போச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படித்தான் நாங்களும் சொன்னோம். மூன்றாவது முறை தண்ணீர் வந்தபோது காலேஜ் வாத்தியார் ஒருவர் அதை மாடியிலிருந்து வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். செக்ரட்டரி அவர் வீட்டுக்குப் போனார். நாற்காலியைத் துடைத்தார், உட்கார்ந்தார். காபி வந்தது, குடித்தார். டிபன் நேரம் வந்தது, எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வந்தது.

"சார், பொண்ணு பாக்க ஆளு வந்திருக்கையில பொண்ணுக்குச் சொத்தப் பல்லு இருக்குன்னு நாமளே சொல்லுவமா?" என்று இதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாராம். வாத்தியார் அதை அழித்துக் காட்டிய பிறகுதான் எழுந்து வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் நகருக்கு அந்த உலைமூடி கிடைத்திருந்தது.

ஒருநாள் மதினிதான் இதற்கு மூலம் எது என்று சொன்னார்.

"இவுக பேச்சக் கேட்டு பதிமூணு பேரு இங்கன எடம் வாங்குனாக. கூட வேல பாத்தவுக, இவுக சித்தப்பா மகன், என் கூடப்பொறந்த தம்பி. மொதத் தடவ தண்ணி வந்தன்னைக்கு என் தம்பி வாசல்ல வந்து நின்னு, 'மாமா, இப்பிடி என்னைய ஆத்துக்குள்ள எறக்கி விட்டுட்டீகளே'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டான். அன்னையில இருந்து இவுக இப்பிடித்தான் கழுவிக்கிட்டுத் திரியிறாக."

கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. அது மட்டுமில்லை, அவர் கழுவியது எங்களுக்கும் வசதியாக இருந்தது. அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டைப் பள்ளத்தில் கட்டிவிட்டேன் என்று யார் வாயால் சொல்வார்கள்? செங்காவி அடிக்கச் சொன்னபோது அறுபத்து நான்கு வீட்டில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசிக்கு முந்தின தெருவில் இருக்கிறது என் வீடு.

நான் தேனியில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை பார்க்கிறேன். வீடு வாங்க வருகிறவர்கள் வில்லங்கச் சான்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் பார்ப்பார்கள். அதில் அடமானம் வரும், ஒத்தி வரும், கோர்ட் ஜப்தி வரும். ஆறு வராது.

மதினியின் தம்பி கடைசித் தெருவில் இருந்த தன் வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சத்துணவு அமைப்பாளர் வேலை. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். இருந்த தோப்பை விற்றுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக ஒரு வீடு தேடி வந்திருந்தாள். பத்திரம் நான்தான் அடிக்க வேண்டும் என்பதால் செக்ரட்டரி என்னையும் கூப்பிட்டிருந்தார். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். பிறகு நேராக அவரிடம் வந்தாள்.

"சார், என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பூராம் விழுந்துருச்சு. தானா எந்திரிச்சு உக்கார மாட்டாக. மாடியில ஏத்த முடியாதுன்னுதான் தர வீடாப் பாக்குறேன். ஆத்துத் தண்ணி உள்ள வருமா? அத மட்டும் சொல்லிருங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் திண்டைத் துடைத்தார். உட்காரவில்லை.

"பதினஞ்சு வருசமா பக்கத்து வீட்டுல குடியிருக்கேன்த்தா. வாசப்படி நனைஞ்சதில்ல" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் இங்கனதான் இருக்கீகளா?"

"ஆமா" என்று தலையை ஆட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான். நான் ஆட்டிய தலை அவர் சொன்னதற்கும் சேர்த்து. அவளுக்கும் அது புரிந்தது, முகம் தெளிந்துவிட்டது. அடுத்த வாரம் கிரயப் பத்திரத்தை நானே அடித்து, நான்கு எல்லையையும் அவளுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன்.

வைகாசியில் குடிவந்தார்கள். அவள் கணவருடைய கட்டில் தெருப் பக்க ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. அவருக்குப் பேச்சு குழறும், அவள் ஒருத்திக்குத்தான் புரியும். ஒரு மாதத்தில் செக்ரட்டரிக்கும் புரிய ஆரம்பித்தது. அவள் வேலைக்குப் போனதும் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். விளம்பரம் வரைக்கும் வாசித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துவிடுவார். வாயோரம் வழிகிற எச்சிலைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். நானே பார்த்திருக்கிறேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவருக்கு அந்த மனிதரை நிஜமாகவே பிடித்திருந்தது.

அந்த ஐப்பசியில் மலை ஐந்து நாளாகக் கண்ணுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டிருந்ததால் அவள் வீட்டில் இருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்று அறிவித்துக்கொண்டு மைக் கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் வளைவு வரை வந்தது. செக்ரட்டரி குடையோடு போய் அதை நிறுத்தினார். "இங்கன நான் சொல்லிக்கிறேன். நீங்க கீழ இருக்கிற ஊருகளுக்குப் போங்க, நேரமாகுது" என்று திருப்பி அனுப்பினார். மைக்கில் வெள்ளம் என்று கத்திக்கொண்டு ஒரு வண்டி எங்கள் தெருவுக்குள் வருவதை அவர் எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

சொன்னபடி சொல்லவும் செய்தார். கடைசி இரண்டு தெருவில் இருந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போன் அடித்தார். ஆபீசில் இருந்த எனக்கும் வந்தது. "தாயி, பிரிட்ஜ மேசையில தூக்கி வைக்கச் சொல்லு. எட்டிப் பாக்கும்போல இருக்கு." நான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, பிரிட்ஜை, பீரோவின் கீழ்த்தட்டுத் துணியை, அரிசி மூட்டையை எடுத்து வைக்கச் சொன்னேன். அரிசி மூட்டை ஞாபகம் வந்த எனக்கு அவள் ஞாபகம் வரவில்லை.

அவளுக்கு யாருமே போன் செய்யவில்லை.

மூன்றரை மணிக்குத் தண்ணீர் வாசற்படி ஏறியது. அந்த முறை முழங்காலோடு நிற்கவில்லை. அவள் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கிறாள், மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு பக்கம் விழுந்த ஆளை ஒருத்தியாகத் தூக்கி எங்கே வைப்பது? கட்டில் முங்கியதும் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்து, அவரை மடியில் சாய்த்து, தன் சேலையால் இருவரையும் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டி, அவர் தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம்.

பக்கத்து வீட்டு மாடியில் இருந்த மதினிதான் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கத்தியது. செக்ரட்டரி யோசிக்கவே இல்லையாம். அறுபத்தெட்டு வயதில், மார்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூட இரண்டு பேர் பின்னால் போனார்கள். பின்கதவை உடைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த மனிதரை உட்கார வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த கண்ணாடிச் சில்லில் செக்ரட்டரியின் கால் கிழிந்து எலும்பு தெரிந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

அவள் கணவருக்கு உள்ளே போன சேற்றுத் தண்ணீர் நுரையீரலில் வேலையைக் காட்டிவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்து நாளும் செக்ரட்டரி காலில் கட்டோடு அங்கேயே இருந்தார். ஒரே ஒரு நாள் மட்டும் விடியும் முன் வந்து, நொண்டி நொண்டித் தெருவைக் கழுவிவிட்டு, குளித்து சட்டை மாற்றிக்கொண்டு மறுபடி போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கேட்டுவிட்டேன். "அண்ணே, எல்லாருக்கும் போன் பண்ணீக. அவளுக்கு மட்டும் ஏண்ணே பண்ணல?"

பெஞ்சைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"போன எடுத்தேன் தாயி. நம்பரத் தேடியும் எடுத்துட்டேன். எடுத்துப் பேசுனா என்னன்னு சொல்றது? 'தண்ணி வருதுத்தா'ன்னா, 'வராதுன்னு சொன்னீகளே'ன்னு கேப்பால்ல? முழங்காலோட போயிரும்னு நெனச்சேன். கட்டிலு நனையாதுன்னு நெனச்சேன்."

பதினோராம் நாள் அவள் கணவர் இறந்துபோனார். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பிறந்த வீட்டுக் கோடி யார் போடுவது என்று சாவு வீட்டில் முழித்துக்கொண்டிருந்தபோது, செக்ரட்டரி கடைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்து அண்ணன் முறைக்குக் கோடி போட்டார். அவள் அவர் காலில் விழுந்து, "அண்ணே, அண்ணே" என்று கதறினாள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். அவரும் தரையைத்தான் பார்த்தார்.

அதோடு முடிந்திருந்தால் அவரை நான் மன்னித்துக்கூட இருப்பேன். ஒரு மாதத்தில் மினிபஸ்ஸில் ஒரு பேச்சு கிளம்பியது. "கெங்குவார்பட்டிக்காரி வந்தா, ஆறும் பின்னாலயே வந்துருச்சு." யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. விளையாட்டாகத் தொடங்கி, ரேசன் கடை வரிசையில் வினையாகிவிட்டது. அவள் ராசி அப்படி, கால் வைத்த இடம் விளங்காது, புருசனையும் கொண்டுபோய்விட்டாள், ஊருக்கும் தண்ணீரைக் கூட்டி வந்துவிட்டாள். நான்கு முறை தண்ணீர் அள்ளி ஊற்றிய அதே கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். வெளியாட்களிடம் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி, முன்னால் தண்ணீரே வந்ததில்லை என்று எங்கள் ஆட்களே நம்ப ஆரம்பித்திருந்தார்கள்.

அவளும் நம்பினாள். நல்ல காரியம் எதற்கும் வராமல் ஒதுங்கிக்கொண்டாள். எதிர் வீட்டில் ஒரு பெண் குழந்தை பெற்று வந்தபோது, எட்டிப் பார்க்கக்கூட இல்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வீடியோவை அழிக்கச் சொல்லி மூன்று வேளை ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் செக்ரட்டரி. இந்தப் பேச்சை நிறுத்த ஒரு வீட்டுக்குக்கூட அவர் போகவில்லை. காதில் விழாமல் இருந்திருக்க வழியே இல்லை. 'அது ஒண்ணும் அவ ராசி இல்ல, இதுக்கு முந்தியும் வந்திருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வராதே. ஆற்றின் பழி ஒரு விதவை தலையில் விழுந்ததில் நகரின் பேர் தப்பித்துக்கொண்டது. தை பிறந்ததும் அறுபத்து நான்கு சுவரிலும் செங்காவியை நான்கடியாக உயர்த்தினார். அவள் வீட்டுச் சுவருக்கு அவரே நின்று அடித்துக் கொடுத்தார். அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில், பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மதினியைவிட அவள்தான் அதிகம் அழுதாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம், பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தாள்.

"அக்கா, யாராச்சும் வந்தா கெடச்ச வெலைக்குக் குடுத்துருங்க. நான் எங்கயாச்சும் போயிர்றேன்."

"ஏன்? வேல இருக்கு, வீடு இருக்கு. எங்க போகப் போற?"

"மொதல்ல என் வீட்டுக்காரர். இப்ப அண்ணன். இன்னும் யாருக்கு என்ன ஆகுமோ. நான் போயிட்டா அதுக்கப்புறம் ஆறு வராதுக்கா" என்றாள். ஒரு கணக்குச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள்.

டைப் அடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். "உனக்கு முந்தியே நாலு தடவ வந்திருக்கு" என்றேன். எந்த எந்த வருடம், எந்த அளவு, எப்படிக் கழுவினோம், அந்தச் செங்காவி எதற்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு யார் யாருக்குப் போன் வந்தது என்பதையும் சொன்னேன்.

கோபத்தில் கத்துவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"அப்ப என்னால இல்ல?" என்றாள்.

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா உன்னால இல்ல."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். புருசன் செத்தபோது நான் பார்த்த அழுகை இல்லை இது. மூன்று வருடமாக இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்ததை இறக்கியவளின் அழுகை. ஒரு மனுசி இவ்வளவு கேவலமான ஒரு உண்மையைக் கேட்டு ஆறுதலடைய வேண்டிய நிலைக்கு நாங்கள் அவளைக் கொண்டுவந்திருந்தோம்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் கேக்கையில நீங்களும் பக்கத்துலதான நின்னீக?"

"நின்னேன்."

"மூணு வருசமா என்னைய நானே வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்க்கா. ஒரு நாளு வந்து சொல்லியிருக்கலாமே."

பத்திரத்தை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தாள். எழுந்தவள் படியருகே நின்று திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்துல அண்ணன் படத்தையும் மாட்டியிருக்கேன். தெனம் ரெண்டுக்கும் பூ வைக்கிறேன். தண்ணிக்குள்ள வந்து தூக்குனவுகளும் அவுகதான், அந்தத் தண்ணிக்குள்ள கொண்டுவந்து வச்சவுகளும் அவுகதான். இப்ப நான் அந்தப் படத்த என்ன செய்ய? கழட்டவா, விடவா? நீங்க சொல்லுங்க."

பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். வீட்டை விற்கவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தெருவில் எதிர்ப்பட்டால் சிரிப்பாள், உள்ளே வாங்க என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் நான் போக மாட்டேன். அந்தச் சுவரில் அவர் படம் இருந்தாலும் எனக்குத் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது.